பகலில் தூக்கம், ராத்திரி முழிப்பு: 22 நாள் பாப்பாவுக்கு நேரம் காட்டுவது எப்படி?

வாசகியின் கடிதம், சுருக்கமாக:

ஈரோடு மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 27 வயது வாசகி எழுதியிருக்கிறார். தலைப்பிரசவம். 38 வாரம் முடிந்து, சுகப்பிரசவத்தில், அதிகாலை 2 மணிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. பிறந்த எடை 2.8 கிலோ. இப்போது அம்மா வீட்டில் இருக்கிறார். குழந்தைக்கு 22 நாள் ஆகிறது. காலை பத்தரைக்குக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டித் தூளியில் போட்டால் சாயங்காலம் ஐந்து மணி வரை தூக்கம். நடுவில் ஒரே ஒரு முறை பால். இரவு பத்து மணிக்குக் கண்ணைத் திறந்தால் நாலு மணி வரை மூடுவதில்லை. கண்ணேறும் காற்றும் படக்கூடாது என்று பாட்டி 40 நாளுக்கு ஜன்னலைச் சாத்தி வைத்திருக்கிறார். இருட்டில் குழந்தை பயந்துவிடும் என்று ராத்திரி முழுக்க ட்யூப்லைட் எரிகிறது. சென்னையில் வேலை பார்க்கும் கணவர் பத்து மணிக்குமேல் வீடியோ காலில் வந்து குழந்தையோடு பேசுகிறார்.

ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். பகலில் தூங்கவே விடாதே என்கிறார் சித்தி. பால் பத்தவில்லை, ராத்திரிக்குப் புட்டிப்பால் கொடு என்கிறார் மாமியார். வசம்பு உரைத்துக் கொடுக்கலாம் என்கிறார் பாட்டி. பக்கத்து வீட்டு அக்கா தன் குழந்தைக்குக் கொடுத்த சளி மருந்தில் “அரை மில்லி கொடுத்தா அசந்து தூங்கும்” என்று பாட்டிலையே தந்துவிட்டுப் போயிருக்கிறார். இன்னும் கொடுக்கவில்லையாம். வாசகியின் கேள்விகள் இவை: ராத்திரி பிறந்ததால் இப்படியா? ஏழாம் மாதம் வரை ஐ.டி. கம்பெனியில் நைட் ஷிஃப்ட் பார்த்தேனே, அதனாலா? இதை எப்படி மாற்றுவது? கடிதத்தின் கடைசியில், “சில ராத்திரி அவள் அழும்போது எனக்கு வருகிற கோபத்தைப் பார்த்து எனக்கே பயமாக இருக்கிறது” என்று எழுதியிருக்கிறார்.

குழந்தை நல மருத்துவரின் பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

அந்த மருந்து பாட்டிலை முதலில் எடுத்து அப்புறப்படுத்திவிடுங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். கொடுக்காமல் காத்திருந்து எழுதிக் கேட்டது நல்ல காரியம்.

உங்கள் மனதை அரிக்கிற இரண்டு கேள்விகளுக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். எத்தனை மணிக்குப் பிறந்தது என்பதற்கும் எப்போது தூங்குகிறது என்பதற்கும் தொடர்பில்லை. காலை பத்து மணிக்குப் பிறந்த குழந்தைகளும் ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு கூரையைப் பார்க்கின்றன. நைட் ஷிஃப்ட் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. நம் எல்லோருக்கும் மூளையின் அடிப்பகுதியில், கண் நரம்புகள் குறுக்கே கடக்கிற இடத்துக்குச் சற்று மேலே, அரிசி மணியைவிடச் சின்னதாக இரண்டு நரம்புக் கொத்துகள் இருக்கின்றன. உடம்பின் கடிகாரம் அதுதான். கருவிலேயே அது உருவாகிவிடுகிறது, ஆனால் தானாக நேரம் வைத்துக்கொள்ளத் தெரியாது. இருட்டியதும் தாயின் உடம்பில் சுரக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் நஞ்சுக்கொடி வழியாகப் போய், “இப்போது ராத்திரி” என்று கருவுக்குத் தெரிவிக்கிறது. பிரசவத்தோடு அந்தச் செய்தி நின்றுபோகிறது. குழந்தை தன் மெலடோனினை ஓர் ஒழுங்கோடு சுரக்க இரண்டு மூன்று மாதம் ஆகும். நடுவில் இருக்கும் இந்த வாரங்களில் அதற்குப் பகலும் கிடையாது, இரவும் கிடையாது. நீங்கள் நைட் ஷிஃப்ட் பார்த்திருந்தாலும் வயலில் வேலை செய்திருந்தாலும் இந்த இடைவெளி வந்துதான் தீரும். அதுவும் நீங்கள் கடைசி இரண்டு மாதம் வீட்டில்தான் இருந்திருக்கிறீர்கள். அந்தக் குற்ற உணர்ச்சி உங்களுக்கு வேண்டாம்.

1953-இல் அமெரிக்காவின் சிகாகோவில் நத்தேனியல் கிளைட்மனும் தியோடர் எங்கெல்மனும் பச்சிளம் குழந்தைகளின் தூக்கத்தை வாரக்கணக்கில் குறித்து வைத்து வெளியிட்டார்கள். தூக்க ஆராய்ச்சி படிக்கிற எல்லோரும் பார்க்கிற ஒரு வரைபடம் அதில் உண்டு. முதல் சில வாரங்கள் தூக்கம் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. அப்புறம் நாளுக்கு நாள் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போகிறது. சில மாதம் கழித்துத்தான் இரவில் வந்து நிலைகொள்கிறது. ஆகவே உங்கள் மகளிடம் கோளாறு எதுவும் இருப்பதாக உங்கள் கடிதத்தை வைத்து நான் சொல்லமாட்டேன்.

ஆனால் கடிதத்தை மறுபடி படித்துப் பாருங்கள். பகல் முழுக்க ஜன்னல் சாத்திய இருட்டறை, நிசப்தம், இரண்டு பக்கமும் துணி மறைக்கும் தூளி, ஆட்டிவிட ஒரு கை. ராத்திரி முழுக்க ட்யூப்லைட், சுற்றி உட்கார்ந்து பேசும் ஆட்கள், முகத்துக்கு எதிரே செல்போன் திரை, அதில் அப்பாவின் குரல். வெளிச்சத்தைப் பார்த்து நேரம் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு மூளைக்கு உங்கள் வீடு ராத்திரியைப் பகலாகவும் பகலை ராத்திரியாகவும் காட்டிக்கொண்டிருக்கிறது. குழந்தை சரியாகத்தான் படிக்கிறாள். பாடப்புத்தகம்தான் தலைகீழாக இருக்கிறது. எனவே பழக்கத்தை மாற்ற வேண்டியது பெரியவர்கள்தான். அதற்கு முன்னால் வேறொரு விஷயம் பார்க்க வேண்டும்.

எடை பார்த்தீர்களா?

இவ்வளவு விரிவாக எழுதிய கடிதத்தில் ஒரு விவரம் இல்லை: குழந்தையின் இப்போதைய எடை. காலை பத்தரையிலிருந்து மாலை ஐந்து வரை, ஆறரை மணி நேரத்தில் ஒரே ஒரு முறை பால் என்பது மூன்று வாரக் குழந்தைக்குப் போதாது. தூக்கத்தைவிட இதுதான் எனக்குக் கவலை. தூங்குகிற குழந்தையை எழுப்பக்கூடாது என்பது பொதுவாக நல்ல வழக்கம்தான், ஆனால் இந்த வயதுக்குப் பொருந்தாது. பிறந்த குழந்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் குடிக்க வேண்டும். பகலில் குடிக்காததை அவள் ராத்திரி ஈடுகட்டிக்கொள்கிறாள் என்பதுதான் உங்கள் பத்து மணி முதல் நாலு மணி வரைக்குமான கதையில் பாதி.

பிறந்ததும் எல்லாக் குழந்தைகளும் கொஞ்சம் எடை இழந்து, பத்திலிருந்து பதினாலு நாளுக்குள் பிறந்த எடைக்குத் திரும்பும். அதற்குப் பிறகு நாளுக்கு 20 முதல் 30 கிராம் கூட வேண்டும். அந்தக் கணக்குப்படி உங்கள் மகள் இப்போது 3 கிலோவை ஒட்டி இருக்க வேண்டும். நாளுக்கு ஆறு முறைக்குக் குறையாமல் நன்றாகச் சிறுநீர் போக வேண்டும், அது வெளுப்பாக இருக்க வேண்டும். கிராம சுகாதாரச் செவிலியர் 28-ஆம் நாள் வீட்டுக்கு வருவார். ஆனால் அதுவரை காத்திருக்காமல் இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அங்கன்வாடியிலோ துணியில்லாமல் எடை போட்டுப் பாருங்கள். எடை சரியாக இருந்தால் நான் கீழே சொல்வதெல்லாம் போதும். 2.8 கிலோவுக்குக் கீழே இருந்தால், கண்ணிலும் தோலிலும் மஞ்சள் இன்னும் மிச்சம் இருந்தால், மலச்சிக்கலோ அழுகை கரகரப்பாகவோ இருந்தால், பகல் தூக்கத்தைச் சோர்வு என்று எடுத்துக்கொண்டு குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். மஞ்சள் காமாலையும் தைராய்டு குறைபாடும் குழந்தையைச் சமர்த்தாகத் தூங்க வைக்கும். வீட்டில் எல்லோரும் “தொந்தரவே இல்லாத பிள்ளை” என்று சந்தோஷப்படுவார்கள். பிறந்தபோது குதிகாலில் ரத்தம் எடுத்துத் தைராய்டு பரிசோதனை செய்தார்களா என்று டிஸ்சார்ஜ் சீட்டில் பாருங்கள். செய்யவில்லை என்றால் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

பகலைப் பகலாக்குவது

காலை ஏழு மணி வாக்கில், தூங்கிக்கொண்டிருந்தாலும் சரி, அறையின் ஜன்னலைத் திறந்துவிடுங்கள். பாட்டி ஒத்துக்கொள்ளமாட்டார் என்று தெரியும். நேரே காற்று படாமல் குழந்தையைப் படுக்க வைக்கலாம்; கண்ணேறுக்கு அவர் வழக்கமாகச் செய்வதைச் செய்துகொள்ளட்டும், நான் குறுக்கே வரவில்லை. ஆனால் வெளிச்சம் வேண்டும். ட்யூப்லைட் போட்ட அறையில் வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்கும். வெயில் நாளில் திண்ணை நிழலில் அது பல ஆயிரம் லக்ஸ். நம் கண்ணுக்கு இரண்டும் வெளிச்சமாகவே தெரிந்தாலும் மூளைக் கடிகாரத்துக்கு இரண்டும் ஒன்றில்லை. விழித்திரையில் பார்ப்பதற்கென்று இல்லாமல் வெளிச்சத்தின் அளவைக் கடிகாரத்துக்குச் சொல்வதற்கென்றே தனியாகச் செல்கள் இருக்கின்றன. பகல் வெளிச்சத்தின் நீல ஒளிக்கு அவை அதிகம் அசைகின்றன. பிரிட்டனில் 6 முதல் 12 வாரக் குழந்தைகளைக் கவனித்த ஓர் ஆய்வு 2004-இல் வந்தது. ராத்திரி நன்றாகத் தூங்கிய குழந்தைகள் பிற்பகல் நேரத்தில் மற்றவர்களைவிடக் கூடுதல் வெளிச்சத்தில் இருந்திருக்கின்றன. உங்கள் வீட்டில் அறை மிக இருட்டாக இருப்பதும் அந்தப் பிற்பகலில்தான்.

எனவே பகல் தூக்கத்தைக் கூடத்துக்கு மாற்றுங்கள். மிக்ஸி ஓடட்டும், குக்கர் விசில் அடிக்கட்டும், ஆட்கள் சாதாரணக் குரலில் பேசட்டும். காலையிலும் மாலையிலும் சிறிது நேரம் திண்ணையிலோ வேப்பமர நிழலிலோ மடியில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். நேர் வெயில் வேண்டாம். (வெயிலில் காட்டுவதால் வைட்டமின் டி கிடைத்துவிடும் என்று சொட்டு மருந்தை நிறுத்திவிடாதீர்கள். தினம் 400 யூனிட், ஒரு வயது வரை.)

தூளியைப் பற்றி. நம் ஊரில் தூளி ஆடாத குழந்தை குறைவு, அதை விட்டுவிடுங்கள் என்று சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். துணி இரண்டு பக்கமும் மூடிக்கொள்வதால் பகலிலேயே உள்ளே ராத்திரி ஆகிவிடுகிறது. அதோடு, கழுத்து மடங்கி முகவாய் நெஞ்சில் இடிக்கும்படி படுத்தால் சின்னக் குழந்தைக்கு மூச்சுப் பாதை அடையும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியவும் செய்யாது. ஆள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளும்போது அழுகையை அமர்த்தத் தூளி, அசந்ததும் எடுத்துப் பாயில் மல்லாக்கப் படுக்க வைப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி நீங்கள் எல்லோரும் தூங்கும் நேரத்தில் தூளி வேண்டவே வேண்டாம்.

பகலில் ஒரு பால் தொடங்கிய நேரத்திலிருந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் தூங்க விடாதீர்கள். எழுப்புவது என்றால் கன்னத்தைத் தட்டுவதோ தண்ணீர் தெளிப்பதோ அல்ல. சுற்றிய துணியை அவிழ்த்து, ஈரத்துணி மாற்றி, உள்ளங்காலைத் தேய்த்து, உங்கள் மார்போடு தோல் படப் போட்டுக்கொண்டால் பெரும்பாலும் தானே வாயைத் தேடும். குடித்த பிறகு கொஞ்ச நேரம் முகம் பார்த்துப் பேசுங்கள், பாடுங்கள். முக்கால் மணி, ஒரு மணி நேரம் விழித்திருந்தாலே இந்த வயதுக்குப் போதும். பகலில் தூங்கவே விடாதே என்ற சித்தியின் யோசனையை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். மூன்று மாதம் வரை குழந்தைக்கு நாளுக்கு 14 முதல் 17 மணி நேரத் தூக்கம் தேவை. அதைப் பிடுங்கி வைத்தால் ராத்திரி களைத்துப்போய்த் தூங்கும் என்று நினைக்கிறோம். நடப்பது அதற்கு நேர்மாறு. அளவுக்கு மீறிக் களைத்த குழந்தை இன்னும் வீறிட்டு அழும், தூங்கத் திணறும்.

குளியல் நேரத்தை மாற்றிப் பார்க்கலாம் என்பது என் யோசனை, கட்டாயமில்லை. எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றினால் குழந்தை அசந்து தூங்கும் என்பது உங்கள் வீட்டுக்கே தெரிந்த வித்தை. அதைக் காலை பத்தரைக்கு ஏன் செலவழிக்க வேண்டும்? மாலை ஆறு மணிக்கு, குளிர் இல்லாத நாளில், வெதுவெதுப்பான தண்ணீரில் சட்டென்று குளிப்பாட்டித் துடைத்துப் பால் கொடுங்கள். குளிப்பாட்டுகிற அம்மா காலையில்தான் வருவார் என்றால் காலையிலேயே இருக்கட்டும். மூன்று மணி நேரக் கணக்கு மட்டும் தப்பக்கூடாது. மூக்கில் ஊதுவது, காதில் எண்ணெய் விடுவது, மார்பைப் பிழிவது இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். சாம்பிராணிப் புகை எந்த நேரத்திலும் வேண்டாம். அந்தச் சின்ன மூச்சுக்குழலுக்கு அது வெறும் புகைதான்.

ராத்திரியை ராத்திரியாக்குவது

எட்டு மணிக்கு ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு, மூலையில் மஞ்சளாக எரியும் ஒரு ஜீரோ வாட் பல்பைப் போடுங்கள். பாட்டிக்கு விளக்கு எரிய வேண்டும், குழந்தைக்கு இருட்டு வேண்டும். இருவருக்கும் அது போதும். மூன்று வாரக் குழந்தைக்கு இருட்டைக் கண்டு பயம் கிடையாது. ஒன்பது மாதம் அவள் இருந்ததே வெளிச்சம் எட்டாத இடத்தில்தான்.

ராத்திரி அழுதால் கட்டாயம் பால் கொடுங்கள். ஆனால் பேச்சு இல்லை, கொஞ்சல் இல்லை, கண்ணோடு கண் பார்த்து விளையாட்டு இல்லை. மலம் போயிருந்தால் துணி மாற்றுங்கள், வெறும் ஈரமென்றால் மிக நனைந்திருந்தால் மட்டும். ஏப்பம் விட வைத்து அதே அரையிருட்டில் படுக்க வையுங்கள். கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கும். பகலில் கொஞ்சிக்கொள்ளலாம்.

முனகல் கேட்டவுடன் பாய்ந்து தூக்காதீர்கள். பச்சிளம் குழந்தையின் தூக்கத்தில் ஏறக்குறையப் பாதி, கனவுத் தூக்கம் போன்ற ஒருவகை. அதில் முகம் சுளிக்கும், சிரிக்கும், கண் இமைக்குள் உருளும், கை கால் உதறும், அழுவது போலக்கூட சத்தம் போடும். அப்போது தூக்கினால் தூங்குகிற குழந்தையை நாமே எழுப்பியதாகிவிடும். ஒரு நிமிடம் பாருங்கள். நிஜமாக விழித்திருந்தால் சத்தம் கூடும், வாய் தேடும்.

கணவரிடம் சொல்லி வீடியோ காலைக் காலை எட்டு மணிக்கு மாற்றுங்கள். அவர் வேலைக்குக் கிளம்பும் நேரம், பாப்பா திண்ணை வெளிச்சத்தில் இருக்கும் நேரம். பத்து மணிக்கு உங்களோடு அவர் பேசட்டும். அது குழந்தை இல்லாத அறையில் நடக்கட்டும். பார்க்க வரும் உறவினர்களையும் சாயங்காலம் ஏழு மணிக்கு முன்பே வந்து போகச் சொல்லிவிடுங்கள். எல்லாவற்றுக்கும் “டாக்டர் சொல்லிவிட்டார்” என்று பழியை என்மேல் போடலாம். உங்கள் வயதில் நீங்களாகச் சொன்னால் எடுபடாதது அப்படிச் சொன்னால் எடுபடும்.

வாய்க்குள் போகும் எதுவும் இதற்கு மருந்தில்லை

சளி மருந்து. அவற்றில் தூக்கம் வரவைக்கும் பொருள் இருப்பது உண்மைதான், ஆனால் அதே பொருள் பச்சிளம் குழந்தையின் மூச்சையும் அடக்கும். ப்ரோமெத்தசின் என்ற மருந்தால் மூச்சு நின்று குழந்தைகள் இறந்ததால், இரண்டு வயதுக்குக் கீழே அதைக் கொடுக்கக்கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-இல் கடும் எச்சரிக்கை போட்டது. குளோர்பெனிரமினும் ஃபினைல்எஃப்ரினும் கலந்த சளி மருந்துகளை நாலு வயதுக்குக் கீழே கொடுக்கக்கூடாது என்று லேபிளிலேயே அச்சிடச் சொல்லி நம் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. உங்கள் மகளுக்கு வயது மூன்று வாரம். பக்கத்து வீட்டு அக்கா நல்ல மனதோடுதான் தந்திருப்பார். அவர் குழந்தைக்கு ஒன்றும் ஆகாமல் போனது அதிர்ஷ்டம்.

வசம்பு, “பிள்ளை வளர்ப்பான்” என்று பெயர் வாங்கிய சரக்கு. அதைக் குறை சொன்னால் பாட்டிக்குக் கோபம் வரும். கையில் வளையமாகக் கட்டியிருப்பதில் இப்போதைக்கு எனக்கு ஆட்சேபம் இல்லை, வாய்க்குக் கை கொண்டுபோகத் தொடங்கும்போது கழற்றிவிடுங்கள். நாக்கில் தடவ வேண்டாம். எவ்வளவு உள்ளே போகிறது என்று அளக்க முடியாது. உரைக்கும் கல்லும் தண்ணீரும் கிருமியைச் சேர்த்துக் கொண்டுவரும். தேனுக்கும் அதே பதில், அது ஒரு வயது வரை கூடாது. கிரைப் வாட்டர், சர்க்கரைத் தண்ணீர், கஞ்சித் தண்ணீர், எதுவும் ஆறு மாதம் வரை தேவையில்லை.

புட்டிப்பால் பற்றி மாமியார் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது: குழந்தை பசியாக இருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் அந்தப் பசி பகல் பாலைத் தவறவிட்டதால் வந்தது. பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் ராத்திரியில்தான் அதிகம். ராத்திரிப் பாலை நிறுத்தினால் சில வாரங்களில் நிஜமாகவே பால் பத்தாமல் போகும். இன்னொன்றும் உண்டு. ராத்திரி சுரக்கும் தாய்ப்பாலில் மெலடோனின் இருக்கிறது, பகல் பாலில் கிட்டத்தட்ட இல்லை. தனக்கென்று ஒழுங்காகச் சுரக்காத இந்த மாதங்களில் கொஞ்சமாவது அவளுக்கு உங்களிடமிருந்து கிடைக்கிறது. எடை பார்த்து மருத்துவர் கூடுதல் பால் வேண்டும் என்று சொன்னால் அது வேறு விஷயம், அப்போது தயங்காமல் கொடுங்கள்.

இனி உங்களைப் பற்றி

அழுகிற குழந்தைமேல் கோபம் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். மூன்று வாரமாகச் சேர்ந்தாற்போல் மூன்று மணி நேரம் தூங்காத யாருக்கும் வரும். அப்படிக் கோபம் ஏறும்போது குழந்தையைப் பாயில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு அறையைவிட்டு வெளியே வந்துவிடுங்கள். ஐந்து நிமிடம் அழுதால் அவளுக்கு ஒன்றும் ஆகாது. ஒரு முறை பிடித்துக் குலுக்கினால் மூளைக்குள் ரத்தம் கசியும். இதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள், பாட்டி உட்பட. ஆறாவது வாரம் வரை அழுகை கூடிக்கொண்டுதான் போகும், அதற்குப் பிறகு குறையும். இது தெரிந்திருந்தால், வெளிச்சத்தை மாற்றியும் அழுகிறாளே என்று மனம் உடையாது.

பிரசவமான முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுகை வருவது பெரும்பாலான தாய்மாருக்கு உண்டு. உங்களுக்கு 22 நாள் ஆகிவிட்டது. குழந்தை தூங்கும்போதுகூடத் தூக்கம் வரவில்லை, எதிலும் ஒட்டுதல் இல்லை, தினமும் அழுகிறேன், எனக்கோ அவளுக்கோ ஏதாவது செய்துகொள்வேனோ என்று தோன்றுகிறது என்றால், அது வெறும் தூக்கக் குறைவு இல்லை. அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரத்திலும் இலவசமாகத் தமிழில் பேசலாம். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்குத் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகள் உண்டு.

தூக்கத்துக்கு ஓர் ஏற்பாடு சொல்கிறேன். எட்டரைக்குப் பால் கொடுத்துவிட்டு நீங்கள் வேறு அறையில் போய்ப் படுங்கள். பன்னிரண்டு மணி வரை குழந்தை உங்கள் அம்மா பொறுப்பு. நடுவில் பசித்தால், மாலையில் பீய்ச்சி வைத்த பாலைப் பாலாடையில் புகட்டட்டும். பீய்ச்சிய பால் அறையில் நாலு மணி நேரம் தாங்கும், கோடையில் அதற்கும் குறைவு. ஃப்ரிட்ஜில் ஒரு நாள். அடுப்பில் காய்ச்ச வேண்டாம், கிண்ணத்தை வெந்நீரில் வைத்தால் போதும். பன்னிரண்டுக்குமேல் நீங்கள் பாருங்கள். கணவர் ஊருக்கு வரும் சனி, ஞாயிறுகளில் அந்த முதல் பாதியை அவர் எடுத்துக்கொள்ளலாம். பாலாடை பிடிக்க ஒரு முறை சொல்லிக்கொடுத்தால் வந்துவிடும்.

ராத்திரி பால் கொடுக்கும்போது சோபாவிலோ சாய்வு நாற்காலியிலோ உட்கார்ந்து கண் அயர்ந்துவிடாதீர்கள், அதுதான் இருப்பதிலேயே ஆபத்தான இடம். குழந்தைக்குத் தனிப் பாயோ மெத்தையோ, உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில், கெட்டியாக, தலையணையும் தளர்ந்த போர்வையும் இல்லாமல் இருக்கட்டும். ஒரே பாயில் இருவருக்கு நடுவே போடும் வழக்கம் வேண்டாம்.

எப்போது மாறும்?

வெளிச்சத்தையும் பகல் பாலையும் சரிசெய்தால் ஒன்றிரண்டு வாரத்தில் நீளமான தூக்கம் பகலிலிருந்து ராத்திரிக்கு நகரத் தொடங்கும். நகர்வதுதான் குறிக்கோள், ராத்திரி முழுக்க விழிக்காமல் தூங்குவது இல்லை. எடை நன்றாக ஏறுகிறது என்று உறுதியாகும்வரை ராத்திரியிலும் நாலு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது பால் போக வேண்டும். இரண்டரை, மூன்று மாதத்தில் ஓர் ஒழுங்கு தெரியும். அப்போதும் ஒன்றிரண்டு முறை எழுவாள், அது சரிதான். கணவர் வாங்கி அனுப்புவதாகச் சொன்னாலும், கறுப்புத் திரைச்சீலையும் தூங்க வைப்பதற்கென்று விற்கும் இரைச்சல் மெஷினும் தேவையில்லை. மின்விசிறி சத்தம் போதும்.

சில அறிகுறிகளுக்கு மட்டும் இந்தப் பொறுமை கூடாது. எழுப்பியும் பால் குடிக்க மறுப்பது, துவண்டு கிடப்பது, உடம்பு 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுடுவது அல்லது சில்லிட்டுப் போவது, அமைதியாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு, மூச்சு இழுக்கும்போது நெஞ்சு உள்வாங்குவது, பச்சை நிற வாந்தி, வலிப்பு, உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளாவது. இதில் ஒன்று இருந்தாலும், அது எந்த நேரமாக இருந்தாலும் 108-ஐக் கூப்பிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

இன்றிலிருந்து ஒரு நோட்டில் தூக்கம், பால், ஈரத்துணி மூன்றையும் மணி போட்டுக் குறித்து வையுங்கள். உங்கள் அம்மாவும் குறிக்கலாம். 45-ஆம் நாள் வாக்கில் ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குப் போகும்போது அந்த நோட்டைக் கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள். அதற்குள் பகல் தூக்கம் கொஞ்சமும் குறையவில்லை என்றால், எடை சரியாக இருந்தாலும், குறிப்பிட்டுக் கேளுங்கள்.